எழுதப்படாத பகுதி

சுரங்கத்தின் இரண்டு மணிச் சங்கு ஊதி அரைமணி நேரம் ஆகிறது. சித்தீகாவின் கணினியில் லினக்ஸின் வெள்ளை வரிகள் கறுப்புத் திரையில் மளமளவென்று ஏறி, போன தடவை நின்ற இடத்திலேயே நிற்கின்றன. படங்கள் இருக்கும் வட்டைக் காணவில்லை என்கிறது கடைசி வரி. அதன் கீழே சிறு கோடு ஒன்று மின்னி மின்னி அணைகிறது. ஜன்னல் வெயிலில் விசைப்பலகையின் மேல் கரித்தூசு தெரிகிறது. அவளுடைய அத்தா மீரான் மைதீன் சுவரோரம் நிற்கிறார். சுரங்கத்தில் இயந்திரம் ஓட்டியவர். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் நகர்வார். ஓய்வு பெற்றும் கை அதை மறக்கவில்லை. கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது, சுவிட்சைத் தட்டிவிட்டார். உள்ளே பண்ருட்டிக் கல்யாணம் ஒன்று முழுசாக இருக்கிறது. ஆல்பம் போட அந்தப் படங்களை அவளிடம் கொடுத்த ஸ்டுடியோக்காரர் அன்புமணி, கேமரா கார்டை அன்றே அழித்து வேறு கல்யாணத்துக்குக் கொண்டுபோய்விட்டார். சித்தீகா போனில், லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களே எழுதும் விளக்கப் பக்கத்தைத் திறக்கிறாள். இந்த வரி வந்தால் அடுத்த பகுதியைப் பார்க்கச் சொல்கிறது. அடுத்த பகுதியில் தலைப்பு மட்டும் இருக்கிறது.

“என்னம்மா போட்டுருக்கான்?”

“இன்னும் எழுதலையாம் அத்தா. தெரிஞ்சவங்க எழுதலாமாம்.”

“அப்ப தெரிஞ்சவன் ஒருத்தனும் இல்லியா?”

போன் அதிர்கிறது. அன்புமணியின் பெயர். அவள் அதைக் கவிழ்த்து வைக்கிறாள். மேசையோடு சேர்ந்து அது நடுங்கி ஓய்கிறது. அத்தாவின் விரல் மறுபடியும் சுவிட்சின் மேல் இருக்கிறது.

“இன்னொரு தடவ அணைச்சுப் போட்டுப் பாக்கட்டுமாம்மா?”