மஞ்சள் கூடு

பட்டுப்புழு வளர்க்கும் மனைக்குள் நான்கு பேர் நின்றார்கள். மனைக்குச் சொந்தக்காரர் தீர்த்தகிரி, அவர் மனைவி பாஞ்சாலி, பட்டுப்புழுக் குஞ்சுகளை விற்ற முனிராஜ், பக்கத்துக் காட்டுக்காரப் பையன் மாது.

“வெள்ளைக் கூடு கட்டும்னு சொல்லித்தானடா புழு குடுத்த? பாரு, அத்தனையும் மஞ்சக் கூடு!” தீர்த்தகிரி கத்தினார்.

மஞ்சள் கூட்டுக்கு விலை குறையும். அதுகூட அவருக்குப் பெரிதில்லை. புழு வளர்க்க ஆரம்பித்த நாளிலிருந்து வெள்ளைக் கூடு தவிர வேறெதையும் அவர் தருமபுரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அவர் சாக்கை அவிழ்க்கும் முன்பே வியாபாரிகள் வந்து நிற்பார்கள். அந்தப் பெயர் போய்விடும்.

மாது, புழுக்கள் கூடு கட்டியிருந்த வலைக்கு அருகே குனிந்தான். “மாமா, இது...”

“நீ வாயை மூடு மாது,” என்றாள் பாஞ்சாலி.

தீர்த்தகிரி முனிராஜை விடவில்லை. “எம்பேரைச் சொல்லித்தானடா பாப்பாரப்பட்டி வரைக்கும் புழு விக்கிற?”

“ஆமாங்கண்ணா,” என்றான் முனிராஜ்.

“அப்புறம் எனக்கே இந்த வேலையா? இதுல மஞ்சச் சட்டை வேற மாட்டிகிட்டு வந்திருக்க, கேலி பண்ணவா?”

முனிராஜ் தன் சட்டையைப் பார்த்தான். பிறகு பாஞ்சாலியைப் பார்த்தான். அவள் பேசாதே என்று கண்ணைக் காட்டினாள்.

“கத்தாதீங்க. உங்க நெஞ்சுக்கு ஆவாது,” என்றாள் கணவரிடம். “மூணு நாளா சோறு எறங்கல. காலைல குடிச்ச கூழும் வாந்தி.”

“இந்தப் பித்தலாட்டத்தைப் பாத்தா சோறு எறங்குமா?”

“நெஞ்சு படபடன்னு ஓடாம, நிதானமா அழுத்தி அடிக்கறதுக்குன்னு ஒரு சின்ன மாத்திரை குடுத்தாங்களே, அதை ஒழுங்காத்தானே போடறீங்க?”

தீர்த்தகிரி நிமிர்ந்து நின்றார்.

“என்னையா கேக்குற? வாரத்துல ரெண்டு நாள் அந்த மாத்திரைக்கு லீவு விடுங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. புழுவுக்கு ஒரு வேளை தழை தப்புனா கூடு தேறுமா? நான் லீவே விடல. தழை வெட்டுற வேலை கூடுனதுல இருந்து காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. அதான் இந்த வயசுலயும் தழைக்கட்டைத் தனியாத் தூக்கறேன்.”

“நீர் மாத்திரை?”

“அதையும் விடல. ராத்திரி நாலு தடவை வெளிய போயிட்டு வந்தாலும் விடல. கால் வீக்கம் எப்படி வடிஞ்சிருக்கு பாரு.”

பாஞ்சாலி குனிந்து அவர் காலைப் பார்த்தாள். பிறகு முனிராஜ் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டாள்.

“கேட்டியா? மாத்திரைக்குக்கூட லீவு விடாத மனுசன். அவருகிட்டப் போயி இப்படிப் பண்ணிட்டியே! ஏங்க, இவனைச் சும்மா விடக் கூடாது. தருமபுரிக்குப் போயி பட்டு ஆபீசுல இப்பவே எழுதிக் குடுங்க. மாது, வண்டியை எடு.”

முனிராஜ் கையைக் கட்டிக்கொண்டான். “தப்புதாங்கண்ணா. நானும் வரேன். ஆபீசரு கேட்டா ஒத்துக்கறேன்.”

“அப்படி வா வழிக்கு!” தீர்த்தகிரி துண்டை உதறித் தோளில் போட்டார். வாசலில் கால் தடுமாறியது. பிடிக்க வந்த மாதுவின் கையைத் தட்டிவிட்டார். “விடுடா. தீர்த்தகிரி யாரையும் புடிச்சுகிட்டு நடந்ததில்ல.”

அவர் வண்டியில் ஏறி உட்காரும் வரை பாஞ்சாலி காத்திருந்தாள். பிறகு முனிராஜிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“மனசுல வெச்சுக்காதப்பா. அந்த மாத்திரை மிஞ்சிப்போனா சோறு எறங்காது, பாக்கறது எல்லாம் மஞ்சளாத் தெரியும், உடனே கூட்டிட்டு வான்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. உங்க கண்ணுதான் தப்பாக் காட்டுதுன்னு சொன்னா இந்த மனுசன் வண்டி ஏறுவாரா? மாதுகிட்டச் சொல்லு, வண்டி நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போவட்டும்.”

மனைக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தாள். தீர்த்தகிரி இதுவரை எடுத்ததிலேயே நல்ல மகசூல், வலை கொள்ளாமல், பால் வெள்ளையில் கிடந்தது. பாஞ்சாலி கதவைச் சாத்திப் பூட்டினாள்.