யாரும் தொடலை அக்கா

வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து, துறைமுகத்தில் லாரி ஏறிய இரும்புப் பெட்டியில் ஒரு பூட்டு தொங்கியது. நெற்றியில் தனியார் கம்பெனியின் பெயர். யாராலும் திறக்க முடியாத பூட்டு என்று விளம்பரம் வேறு. அதைத்தான் நடுக்கடலில் எவனோ கள்ளச்சாவி போட்டுத் திறந்து, உள்ளே துப்பாக்கிகளை அடுக்கிவிட்டுப் போயிருந்தான். பூட்டு அவமானத்தில் குறுகிப்போயிருந்தது.

அரசாங்க மோப்பநாய் பைரவி வந்தாள். பெட்டியை ஒரு சுற்று சுற்றினாள். "வழியில யாராச்சும் உன்னைத் தொட்டாங்களா தம்பி?"

கம்பெனி மானம் என்னாவது? "யாரும் தொடலை அக்கா," என்றது பூட்டு.

"அப்பாடா, வயித்துல பாலை வார்த்தே! சளி பிடிச்சு எனக்கு மூக்கே அடைச்சுக் கிடக்கு. வெளியே சொன்னா டிபார்ட்மென்டுக்கே கேவலம். உன்னை நம்பித்தான் விடறேன்."

பூட்டுக்கு உடம்பெல்லாம் கூசியது. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தது. சொன்னால், முதலில் சொன்னது பொய் என்றாகிவிடுமே! அது தயங்கி நிற்கும்போதே லாரி கிளம்பிவிட்டது.

பைரவி நன்றியோடு வாலை ஆட்டி வழியனுப்பினாள். பூட்டால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சாலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் அதன் முதுகுக்குப் பின்னால் துப்பாக்கிகள் கலகலவென்று சிரித்தன.