முன்பக்கக் கேமரா

நான்காவது போனிலும் தம் முகத்தைப் படமெடுத்துப் பார்த்த பெரியவர் உதட்டைப் பிதுக்கினார்.

“இதுவும் ரொம்பத் தெளிவா இருக்கும்மா.”

விற்பனைப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. “வயசைக் குறைச்சுக் காட்டணுமா சார்?”

“இல்லம்மா. வீடியோ கால்ல முகம் மங்கலாத் தெரியணும். இருக்கறதுலயே மட்டமான கேமரா எது?”

“நல்ல கேமரா கேட்டுத்தான் எல்லாரும் உயிரை வாங்குவாங்க. நீங்க என்ன சார், தலைகீழா கேக்கறீங்க?”

“என் வீட்டுக்காரிக்கும்மா. வெளியூர்ல பொண்ணுக்கு இது பேறு மாசம். அம்மா முகத்தைத் தெளிவாப் பாக்கணும்னு அவதான் இந்த போனை வாங்கித் தந்தா.” சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தார். “ஆஸ்பத்திரியில இவ துரும்பா இளைச்சுட்டா. இதுல கண்ணுக்குழிகூடத் தெரியுது. பிரசவம் வரைக்கும் பொண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு அழறா. அதுவரைக்கும் இவ உயிரோட இருந்தாப் போதும்.”

சிரித்ததை நினைத்து அவளுக்கு மனம் கூசியது. புதுப் போன்களை ஒதுக்கிவிட்டு, அவருடைய போனின் முன்பக்கக் கேமராமீது மங்கலான டேப் துண்டு ஒன்றை ஒட்டினாள். திரையில் அவர் முகம் பனி மூடியதுபோல் ஆனது.

“புதுசு எதுக்குப்பா? இது போதும். கடவுள் கிருபையில குழந்தை பிறந்ததும் இதை உரிச்சுடுங்க. பாட்டி முகத்தைப் பேரப்பிள்ளை தெளிவாப் பாக்கட்டும்.”