சாவிக்கொத்துக் கத்திரி

“அசையாம இருங்கம்மா” என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் பிடரிக்குப் பின்னால் கத்திரியை விரித்தார் தேவபிரசாதம்.

தூத்துக்குடியிலிருந்து நாசரேத் போகும் பஸ். முன் சீட்டில் இருந்தவளின் முந்தானை, சீட்டு முதுகில் பெயர்ந்து நின்ற தகரத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு நூலை நறுக்கினார், விடுபட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் போர்த்திக்கொண்டாள். சித்திரை வெயிலில் பஸ் அடுப்பாகக் கொதித்தது.

தேவபிரசாதம் புதுத் துறைமுகத்தில் கிளார்க். கப்பல் இன்ஜினியர் ஒருவன் ஊருக்குப் போகும்போது கொடுத்த சாவிக்கொத்தில் இருந்த கத்திரி அது. சாவிக்கொத்து பெருவிரல் நீளம்தான், அதற்குள் கத்தி, கத்திரி, திருப்புளி, ஓப்பனர் எல்லாம் மடங்கிக் கிடந்தன. ஆபீஸில் நாற்காலி ஆடினாலும் கலர் பாட்டில் திறக்காவிட்டாலும், “தேவபிரசாதம் சாரைக் கூப்பிடு” என்பார்கள். அதைக் கேட்பதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

ஆழ்வார்திருநகரியில் அந்தப் பெண் இறங்கினாள். சைக்கிளோடு காத்திருந்த புருஷன் நயினார் பையை வாங்கினான். பை கைமாறியதில் முந்தானை நழுவியது.

“ஏளா சண்முகத்தாயி, செயினை எங்க?”

அவள் கை கழுத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. “தெரியலையே... பஸ்ல...”

நயினார் ஓடிப்போய் பஸ்ஸை மறித்தான். “எங்க அம்மை போட்ட செயினு. அது இல்லாம இவ வீட்டுப்படி ஏறப்படாது.”

உள்ளே நின்ற கருவாட்டு வியாபாரி கையை நீட்டினார். “இந்தக் கண்ணாடிக்காரருதான் கத்திரிய வச்சு இவ பொறத்தால என்னமோ நறுக்குனாரு. கண்ணால பாத்தேன்.”

“ஆமா, நறுக்குனேன். சேலை மாட்டிக்கிட்டு...”

‘ஆமா’வுக்கு மேல் யாரும் கேட்கவில்லை. நாலு கைகள் அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இறக்கின. கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. கண்ணாடி எங்கோ தெறித்தது.

“அவர விட்டுருங்க. அவரா இருக்காது” என்றாள் சண்முகத்தாய்.

“நீ வாய மூடுளா” என்றான் நயினார்.

பஸ் அவரை விட்டுவிட்டுக் கிளம்பியது. அவருடைய டிபன் பாக்ஸ் மட்டும் நாசரேத்துக்குப் போனது.

ஸ்டேஷனில் ஏட்டு அந்தச் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்து ஒவ்வொன்றாக விரித்தார். நேற்றுவரை ஊருக்கே உதவிய சாமான், இன்று பார்க்கத் திருட்டுச் சாமானாகவே இருந்தது.

“எத்தன நாளா வே இந்தத் தொழில்?”

“நான் துறைமுகத்துல கிளார்க் சார். என்னைச் சோதிச்சுப் பாத்துட்டாங்க. எங்கிட்ட நகை ஏதும் இல்லையே.”

“உம்ம கூட்டாளி மிந்தின ஸ்டாப்புல எறங்கியிருப்பான்.”

இல்லாத கூட்டாளியை இல்லை என்று எப்படிக் காட்டுவது? வாயைத் திறக்கத் திறக்கச் சுருக்கு இறுகியது. ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனையில் மனைவி ஞானபாய் எந்த முகத்தோடு உட்காருவாள் என்று நினைத்தார்.

இன்ஸ்பெக்டரைக் கூட்டிவர ஏட்டும் நயினாரும் வெளியே போனார்கள். வாசலில் ஒரு போலீஸ்காரர் முதுகைக் காட்டி நின்றார். சண்முகத்தாய் மட்டும் சுவரோரமாக, தலையைக் குனிந்தபடி நின்றாள்.

“அம்மா, உங்க பிள்ளைகள நெனச்சு உண்மையச் சொல்லுங்க” என்றார் தேவபிரசாதம். “உங்க செயினை நானா அறுத்தேன்?”

அவள் வாசலைப் பார்த்தாள். புருஷன் இன்னும் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

“கழுத்துல கெடந்தாத்தான சார் அறுக்கதுக்கு.”