நகராத அட்டைகள்

செய்யவேண்டிய வேலைகளை ஒவ்வோர் அட்டையாகத் திரையில் காட்டும் பணிப்பலகையில் ஓர் அட்டையை மூடினால் அந்த வேலை மனதிலிருந்தும் போய்விடும். அதனால் இப்போதெல்லாம் வீடுகளில் எல்லோருக்கும் நன்றாகத் தூக்கம் வருகிறது.

அலுவலகத்தில் பழகிய கை. இளங்கீரன் மனைவியின் பலகையையும் சுத்தம் செய்துவிடலாமென்று, ஓராண்டாக நகராத அட்டைகளை மூடச் சொல்லி ஒற்றை வரிக் கட்டளையைத் தட்டினான்.

மறுநாள் காலை சமையலறையில் மிக்சி சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன தாரிணி, தினமும் பாடிக்கிட்டே சமைப்பியே?"

"நானா? பாட்டா?"

பதறிப்போய், 'பாட்டு கத்துக்கணும்' என்ற அட்டையைத் திறக்கக் கட்டளையிட்டான். மூடும்போது யாரையும் கேட்காத திரை, திறக்கத் தாரிணியின் சம்மதம் கேட்டது.

அவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"எனக்கெதுக்குங்க அதெல்லாம்? மூடியே இருக்கட்டும்."