பிரிக்காத உறை

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பியதும், ஈக்காரர் சட்டைப் பையிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்து அவள் காப்பியில் தட்டிக் கலக்கினார். தூள் தடயமே இல்லாமல் கரைந்தது.

ஒரு வாய் குடித்துவிட்டு அவள் முகத்தைச் சுளித்தாள். "என்னங்க, இன்னிக்கு ரொம்பக் கசக்குது?"

"தூள் தூக்கலாப் போயிடுச்சும்மா. ஒரே மடக்கா குடிச்சிடு."

மனுஷரைக் கொலைகாரர் என்று நினைத்துவிட வேண்டாம். மனைவி என்றால் அவருக்கு உயிர். அவளுடைய அப்பா ஐம்பது வயதில் கால் தள்ளாடி, நினைவு தப்பி, பெற்ற மகளையே "நீ யாரு?" என்று கேட்டபடி போய்ச் சேர்ந்தவர். மகளுக்கும் அது வரலாம். அந்த நோயின் ஜீனைப் பழ ஈக்களுக்குள் ஏற்றி, மருந்து தேடுவதுதான் இவர் உத்தியோகம். ஈ ஓட்டிச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் என்று கேலி செய்து, ஈக்காரர் என்று பேர் வைத்ததும் அவள்தான்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஈக்களுக்குத் தீனி கலக்கும் அம்மாள் பாதிக் குழாய்களில் மட்டும் மருந்தைச் சேர்த்து, அது சிவப்பு மூடியா நீல மூடியா என்று எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடுவார்; சோதனை முடியும்வரை யாரும் பிரிக்கக் கூடாது. ஈக்காரர் குழாயைத் தட்டி, எத்தனை ஈ மேலே ஏறுகிறது என்று எண்ணினால் போதும்.

பத்தாம் நாளே சிவப்பு மூடி ஈக்கள் ஜோராக ஏறின. நீல மூடி ஈக்கள் பாதியில் வழுக்கி விழுந்து காலை உதறின. வழக்கமாக நோய் தெரிய நாற்பது நாள் ஆகும். இந்தத் தடவை முந்திக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்தார்.

சிவப்புக்குத்தான் மருந்து என்பது உறையைப் பிரிக்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றே மருந்துப் புட்டியில் கை வைத்தார். சொன்னால் பயப்படுவாள் என்று மனைவியிடம் மூச்சுவிடவில்லை.

இரண்டு வாரத்தில் அவளுக்கு மாடிப்படியில் கால் பின்ன ஆரம்பித்தது. நோய் வந்தே விட்டது என்று பதறியவர், தினம் ஒரு பொட்டலம் என்றிருந்ததை இரண்டாக்கினார்.

இன்று காலை அவர் வேலைக்கு வந்தபோது நீலக் குழாய்களில் ஒரு ஈகூட உயிரோடு இல்லை. சோதனையை நிறுத்தி உறையைப் பிரிக்கும்படி மேலிடம் சொல்லிவிட்டது. அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தேடும்போது மனைவியிடமிருந்து போன் வந்தது.

அவரிடம் சொல்லாமலே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருந்தாளாம். அப்பாவின் ஜீன் தனக்கு இல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். சொல்லும்போதே அழுதாள், சிரித்தாள். ஈக்காரருக்கும் கண் நிறைந்துவிட்டது.

"அப்புறம் ஏங்க எனக்குக் கால் பின்னுது?" என்று கேட்டாள். "இப்பக் கையும் மரத்துப் போச்சு."

அம்மாள் உறையைக் கிழித்து, காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"மருந்து கலந்தது நீலத்துல சார்."