மங்கலான படம்

பெர்லின் பின்கட்டு அறையில் சாயங்கால வெயில், யோர்க் தவங்கிடந்து வாங்கிய பழைய சின்தசைசர் வாத்தியத்தின் தூசியில் படுத்துக் கிடக்கிறது. அவனோ, நேற்று அறிவிப்பு வந்த புதிய அனலாக் சின்தசைசரின் மங்கலான படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறான். "இந்த நிழல் குமிழ்தான், ஹென்ரிகே. ஒரே நேரத்துல எட்டு சுரம் பேசும், பாரேன்." கூட வாசிக்கிற ஹென்ரிகேவுக்கு எரிச்சல் தலைக்கேறுகிறது. "சனிக்கிழமை கச்சேரிடா. பாட்டு பாதியில நிக்குது, நீ நிழலை அளந்துட்டிரு." "ஓரத்துப் பலகை மரமா, பிளாஸ்டிக்கா?" என்கிறான் அவன், படத்தை இன்னும் பெரிதாக்கி. அவளுடைய காபியில் ஆடை கட்டிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தவள், முழங்கையால் தூசியைத் துடைத்து, பழைய சின்தசைசரின் சுவிட்சைப் போட்டு, இரண்டு கை விரல்களையும் கட்டைகளில் பதித்து அழுத்துகிறாள். அடிவயிற்றில் இறங்கும் கனத்த நாதத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. யோர்க் திரையைவிட்டுக் கண்ணெடுக்காமலே கை தூக்குகிறான். "இதான், இதேதான். புதுசோட வீடியோ சத்தத்தோட வந்துருச்சா? எனக்கும் அனுப்பு."